யாருமால் வரை: கொலம்பியாவில் ஏழு நாள்

முதல் நாள் – மெடஜீன்

சென்னையில் விமானம் ஏறி, பிராங்க்ஃபர்ட்டிலும் பொகோட்டாவிலும் மாறி, மெடஜீன் வந்து சேர ஒன்றரை நாள் ஆகிவிட்டது. வரைபடத்தில் மெடலின் என்றுதான் படித்து வைத்திருந்தேன். இங்கே எல்லாரும் மெடஜீன் என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். விமான நிலையம் ரியோநேக்ரோ என்ற ஊரில், மலைக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து 8 கிலோமீட்டர் சுரங்கப் பாதையைத் தாண்டினால் கீழே ஒரு பெரிய பள்ளத்தாக்கு. இரண்டு பக்கச் சரிவிலும் உச்சி வரைக்கும் செங்கல் வீடுகள்.

எதற்காக இவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுகிறேன். தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களில் 60 வயது தாண்டியவர்களுக்கு ஞாபக சக்திச் சோதனை செய்வது என் வேலை. கேள்வித்தாள் வெளிநாட்டில் தயாராகும், நாங்கள் தமிழில் கேட்போம், ரத்தம் எடுப்போம், எல்லாம் பெரிய ஆய்வு ஒன்றுக்குப் போய்ச் சேரும். இப்படிப் பல நாடுகள் கைகோத்துச் செய்யும் மூப்பு ஆராய்ச்சியில், அல்சைமர் என்ற மறதி நோய் பரம்பரையாக வரும் ஒரே குடும்பங்களின் வாசலுக்கு நாற்பது வருடமாகத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கும் ஊர் இது. அதை நேரில் பார்க்க ஒரு வாரம் கிடைத்திருக்கிறது.

நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். தூக்கம் வரவில்லை, மழை பெய்கிறது.

இரண்டாம் நாள் – பல்கலைக்கழகம்

ஆன்டியோக்கியா பல்கலைக்கழகம் 1803இல் தொடங்கியது. மெட்ரோவில் அதன் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. இறங்கிச் சற்று நடந்தால் ஆராய்ச்சிக் கட்டடம் வருகிறது. அதில்தான் ஆன்டியோக்கியா நரம்பியல் குழு இயங்குகிறது.

இந்தக் குழுவை உருவாக்கியவர் பிரான்சிஸ்கோ லோபேரா. நான் வருவதற்குள் அவர் இல்லை. 2024 செப்டம்பர் 10 அன்று, 73 வயதில் காலமானார். ஒரு வருடம் முன்னால் வந்திருக்கலாமே என்று காலையிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது.

1980களின் தொடக்கத்தில் அவர் இளம் டாக்டர். நாற்பதுகளில் இருந்த ஒரு விவசாயியை மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். எழுபது எண்பது வயதில் வர வேண்டிய மறதி அவருக்கு அந்த வயதிலேயே முற்றிப் போயிருந்தது. அப்பாவுக்கும் இப்படித்தான், தாத்தாவுக்கும் இப்படித்தான் என்றார்கள் வீட்டார். மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். லோபேரா அவர்களோடு ஊருக்குப் போனார். அங்கே இன்னொரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னார்கள், அப்புறம் இன்னொன்று. அவரும் கூட வேலை செய்த செவிலியர்களும் மாதா கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டி, யார் யாருக்குப் பிள்ளை என்று கோடு கோடாக வரைந்து ஒட்டினார்கள். தனித்தனி என்று நினைத்த குடும்பங்கள் மேலே போகப் போக ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. இப்போது அந்தப் பெரிய குடும்பத்தில் சுமார் 6,000 பேர். அவர்களில் சுமார் 1,200 பேரிடம் நோயைக் கொடுக்கும் மரபணு மாற்றம் இருக்கிறது.

இது நடந்த காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எண்பதுகளும் தொண்ணூறுகளும் இந்த ஆன்டியோக்கியா மாநிலத்துக்கு ரத்தக் காலம். நகரத்தில் கடத்தல் கும்பல்கள், மலையில் கெரில்லாக்கள், அவர்களுக்கு எதிராக இன்னொரு ஆயுதப்படை. ரத்த மாதிரி எடுக்கப் போன ஒரு செவிலியரைக் கெரில்லாக்கள் பிடித்துப் போய்ச் சில நாள் வைத்திருந்திருக்கிறார்கள். விடுதலையான பிறகும் அவர் அதே வேலையைத்தான் செய்தார். எனக்கு நாய் துரத்தினாலே அந்தத் தெருவுக்கு மறுபடி போகக் கால் வராது.

1992இல் அமெரிக்க மூளை விஞ்ஞானி கென்னத் கோசிக் கொலம்பியா வந்தபோது லோபேரா அவரிடம் இந்தக் குடும்பங்களைப் பற்றிச் சொன்னார். மெடஜீனில் எடுத்த ரத்தம் அமெரிக்க ஆய்வகங்களுக்குப் போனது. 1995இல் விடை வந்தது. 14ஆவது குரோமோசோமில் பிரிசெனிலின்-1 என்ற மரபணு. அது உண்டாக்கும் புரதத்தில் 280ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டியது அலனின் ஆகியிருக்கிறது. ஓர் எழுத்துப் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிழை இருந்தால் மூளையில் அமிலாய்டு என்ற பிசுபிசுப்பான புரதம் அளவுக்கு மீறிச் சேரும். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. வந்துவிட்டால் 44 வயதுவாக்கில் ஞாபகம் தடுமாறத் தொடங்கும், 49 வாக்கில் டிமென்ஷியா, அதாவது அன்றாட வேலையைக்கூடத் தானே செய்ய முடியாத அளவுக்கு மறதி முற்றிய நிலை.

உலகத்துக்கு இது ஏன் முக்கியம் என்பதை இன்று எனக்கு விளக்கியவர் சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். நம் வீட்டுத் தாத்தாவுக்கு எப்போது நோய் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஏற்கெனவே பத்து இருக்கும், எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. இந்தக் குடும்பத்தில் நோய் வரும் வயது முன்கூட்டியே தெரியும், வேறு வியாதி அதிகம் இல்லாத இளம் வயதிலேயே வருகிறது. அதனால் நோய் வெளியே தெரிவதற்கு முன்னால் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க முடிந்தது. 2012இல் வந்த ஸ்கேன் ஆய்வில் இவர்களுக்கு சராசரியாக 28 வயதிலேயே அமிலாய்டு சேரத் தொடங்கியது தெரிந்தது. முதல் தடுமாற்றத்துக்கு 16 வருடம் முன்பே! அந்த வயதில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

மூன்றாம் நாள் – மூளை வங்கி

இறந்தவர்களின் மூளையை ஆராய்ச்சிக்காகச் சேமித்து வைக்கும் மூளை வங்கியை இன்று பார்த்தேன். படம் எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவும் இல்லை.

மூளையை இரண்டாக வெட்டி ஒரு பாதியை ஃபார்மலினில் வைக்கிறார்கள், மறு பாதியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். உயிர் பிரிந்து சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பயன். அதனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வீட்டில் சாவு விழுந்தாலும் போன் வரும், கிளம்பியாக வேண்டும். சாவு வீட்டில் உடலைக் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி! நம் ஊரில் போஸ்ட்மார்ட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே வீடு கலங்கிவிடும். இங்கே குடும்பங்களே கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். இருபது முப்பது வருடம் வீட்டுக்கு வந்து போனவர்கள் கேட்பதால்தான் கொடுக்கிறார்கள் என்று வழிகாட்டியவர் சொன்னார். அந்த உறவு இல்லாமல் இங்கே ஒரு குளிர்பெட்டிகூட நிரம்பியிருக்காது.

இந்தக் குடும்பத்தில் ஒரு பெண்மணியின் கதை உலகத்துக்கே தெரியும். அவரிடம் அந்தப் பிழை இருந்தது. கணக்குப்படி நாற்பதுகளில் மறக்கத் தொடங்கியிருக்க வேண்டும். எழுபது வயது தாண்டும் வரை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2016இல் அவரை பாஸ்டனுக்கு அழைத்துப் போய் ஸ்கேன் செய்தார்கள். மூளை நிறைய அமிலாய்டு, இந்தக் குடும்பத்திலேயே அதிகம் என்னும் அளவுக்கு. ஆனால் நரம்பணுக்களை உள்ளேயிருந்து சிதைக்கும் டௌ என்ற இன்னொரு புரதம் மிகக் குறைவு. மரபணுக்களைத் தேடியபோது விடை கிடைத்தது. ஏபோஇ3 மரபணுவில் ‘கிறைஸ்ட்சர்ச்’ என்ற அரிய மாற்றம், அப்பா வழியிலும் அம்மா வழியிலுமாக இரண்டு பிரதி அவரிடம் இருந்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் முதலில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். ஒரு மரபணு நோயைக் கொண்டுவர, இன்னொன்று முப்பது வருடம் அதைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. 2019 நவம்பரில் யாக்கீல் கிரோஸ், ஜோசப் அர்போலேடா வெலாஸ்கஸ், லோபேரா முதலானோர் இதை வெளியிட்டார்கள். கிரோஸும் அர்போலேடாவும் கொலம்பியாக்காரர்கள், பாஸ்டனில் வேலை செய்கிறார்கள்.

அந்தப் பெண்மணி 2020இல் 77 வயதில் வேறு நோயால் காலமானார். மூளையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை நுணுக்கமாக ஆராய்ந்தது ஜெர்மனியின் ஹாம்பர்கில். அங்கே அந்த வேலையை முன்னின்று செய்தவரும் மெடஜீனில் படித்தவரே.

அப்புறம் 2023இல் இன்னொருவர். ஓர் ஆண், 67 வயது வரை தெளிவாக இருந்தார். அவரைக் காத்தது ரீலின் என்ற வேறு மரபணுவில் இருந்த மாற்றம். அதற்கு வைத்த பெயர் ‘கோல்போஸ்’: கொலம்பியாவையும் பாஸ்டனையும் சேர்த்து உண்டாக்கியது. 2024இல், நோய் தரும் பிழையோடு கிறைஸ்ட்சர்ச் மாற்றமும் ஒரே பிரதியாக உள்ள 27 உறவினர்களைக் கணக்கெடுத்தார்கள். அவர்களுக்குத் தடுமாற்றம் 52 வயதில் வந்தது, பிழை மட்டும் இருந்து அது இல்லாத உறவினர்களுக்கு இந்தக் கணக்கில் 47. ஐந்து வருடம். பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும் வரை அம்மாவுக்கு அவன் பெயர் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மாற்றம் செய்யும் வேலையை மருந்தால் செய்ய வைக்க முடியுமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான்காம் நாள் – ஞாயிறு

இன்று விடுமுறை. பெரிய சாலைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு சைக்கிள்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். காலையில் ‘அகுவாபனேலா’ குடித்தேன். பனேலா என்பது சாட்சாத் நம் வெல்லம்தான், வெந்நீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு சிட்டிகை சுக்கு போட்டால் பானகம் ஆகிவிடும். நாளைக்கு இந்தக் குடும்பங்கள் வாழும் யாருமால் என்ற மலையூருக்குப் பயணம், சீக்கிரம் படுக்கிறேன்.

ஐந்தாம் நாள் – யாருமால் சாலை

கரீபே மெட்ரோ நிலையத்தை ஒட்டிய வடக்குப் பேருந்து நிலையத்தில் காலை ஆறு மணிக்கு ஏறினோம். கூட வந்தவர் பல வருடமாகக் குடும்பங்களைப் பார்த்துவரும் செவிலியர். ஐம்பது தாண்டியவர். என்னை முதல் நாளே ‘மிஹா’ என்று கூப்பிட்டுவிட்டார், மகளே என்று அர்த்தம். எங்கள் பக்கம் பாட்டிகள் ‘கண்ணு’ என்பதைப் போல, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் பொதுவாம். நான் அவரை அக்கா என்றேன். அர்த்தம் சொன்னதும் சிரித்துவிட்டு, அப்படியே கூப்பிடு என்றார்.

தோன் மத்தியாஸ் ஊரில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடுகிறது. சாந்தா ரோசாவில் பேருந்து நின்றபோது சுடச்சுட பாலாடைக்கட்டி ரொட்டி வாங்கினோம். அதைத் தாண்டிய மேட்டு நிலம் முழுக்கப் பச்சை, கறுப்பு வெள்ளைக் கறவை மாடுகள், மூடுபனி. குன்னூரில் இருப்பது போல இருந்தது. வழியில் மண் சரிந்து ஒன்றரை மணி நேரம் நின்றோம். மழைக்காலத்தில் இந்தச் சாலையில் இது வழக்கமாம், யாரும் பதறவில்லை.

நின்ற நேரத்தில் அக்கா பேசிக்கொண்டே வந்தார். இந்த நோய்க்கு ஊரில் பெயர் ‘லா போபேரா’. மந்தம், அசட்டுத்தனம் என்கிற மாதிரியான சொல். ஒரு மரத்தைத் தொட்டால் வரும் என்றும், முன் காலத்தில் ஒரு பாதிரியார் விட்ட சாபம் என்றும் சொல்லி வந்திருக்கிறார்கள். எனக்கு எங்கள் ஊர் ஞாபகம். ‘வயசானா அப்படித்தான்’, ‘புத்தி பிசகிடுச்சு’. பெயர் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டாம் என்பதுதான் அதன் உட்பொருள். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் ஒரு தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அதுவும் தில்லியும் கலிஃபோர்னியாவும் சேர்ந்து செய்த வேலை. அந்த 88 லட்சத்தில் எத்தனை வீட்டில் நோயின் பெயர் தெரியும்?

மதியத்துக்கு மேல் யாருமால் வந்தோம். சுமார் 2,300 மீட்டர் உயரம். தெருக்கள் ஏணியைச் சாய்த்து வைத்தது போல. லோபேரா சின்ன வயதில் வளர்ந்தது இங்கேதான். குளிருக்கு ஆட்கள் ‘ருவானா’ என்ற கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். தலை நுழைக்க நடுவில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

ஆறாம் நாள் – ஒரு வீடு

எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். வீட்டார் எழுதச் சம்மதித்தார்கள், பெயர் வேண்டாம் என்றார்கள்.

அவருக்கு 53 வயது. கறவை மாடு வைத்திருந்தவர். ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கம்பளியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். வாட்டசாட்டமான உடம்பு. அந்த வயதுதான் என்னால் ஏற்க முடியாததாக இருந்தது. என் சித்தப்பாவுக்கு அதே வயது, போன மாதம்தான் புதுக் கிணறு வெட்டினார்.

அக்கா பையைத் திறக்கவே இல்லை. முதலில் பால் விலை பற்றிக் கேட்டார். அப்புறம் மனைவியின் முழங்கால் வலி, மூத்த பையனின் வேலை. அரை மணி நேரம் போனது. எங்கள் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மொத்தமே ஒன்றே முக்கால் மணி நேரம்தான் கணக்கு. நான் கடிகாரத்தைப் பார்த்ததை அக்கா கவனித்துவிட்டார்.

பிறகு சோதனை. ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடியும் என்பது உலகம் முழுக்கக் கேட்கும் கேள்வி. அவர் ‘வாக்கா’ என்றார், பசு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாலு பெயர்கள் வந்தன. எனக்குப் புரியவில்லை. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவை அவர் வளர்த்த மாடுகளின் பெயர்கள், விற்று ஐந்து வருடம் ஆகிவிட்டது.

விதிப்படி செல்லப் பெயருக்கு மதிப்பெண் கிடையாது. அக்கா தாளில் ஒன்று என்று எழுதினார், ஓரத்தில் அந்த நாலு பெயரையும் எழுதினார். நான் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ஒரு பாட்டி இதே கேள்விக்கு ‘எங்க ஆடு, செவலை ஆடு, மாரியம்மா வீட்டு ஆடு’ என்று சொன்னார். நான் ஒன்று என்று போட்டேன். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. தேதி கேட்டால் ‘ஆடி அமாவாசைக்கு மறுநாள்’ என்று சரியாகச் சொன்னவருக்கு ஆங்கிலத் தேதி தெரியாததால் மதிப்பெண் குறைந்தது. பிறகு தமிழ் மாதத்தையும் ஏற்கலாம் என்று மாற்றினோம், அதற்கே பல கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. மேசையில் எழுதிய கேள்வி மண்ணில் எப்படி விழுகிறது என்று வீட்டுக்குள் போனவருக்குத்தான் தெரியும். ஆனால் ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் வருவது அபூர்வம்.

மனைவி தந்த பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட்டோம். அவருடைய நாத்தனார் வந்தார். 44 வயது. இந்தக் குடும்பத்தாரிடம் நடந்த ஒரு மருந்துச் சோதனையில் இருந்தவர்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2013 டிசம்பரில் தொடங்கியது. அமெரிக்காவின் பேனர் அல்சைமர் நிறுவனம், ஜெனன்டெக் மருந்துக் கம்பெனி, அமெரிக்க அரசின் மூப்பு ஆராய்ச்சி நிறுவனம், மெடஜீன் குழு எல்லாம் சேர்ந்து நடத்தியது. நோய் வருவதற்கு முன்பே மருந்து கொடுத்துத் தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். மருந்தின் பெயர் கிரெனெசுமாப். சேர்ந்தவர்கள் 252 பேர். அதில் 169 பேரிடம் மரபணுப் பிழை உண்டு, 83 பேரிடம் இல்லை. இல்லாதவர்களுக்கு எதற்கு ஊசி என்றால், சோதனையில் சேர்ந்தாலே பிழை இருக்கிறது என்று தெரிந்துவிடக் கூடாது, அதற்காக. அவர்களுக்கு வெறும் மருந்தற்ற ஊசி. யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஐந்து முதல் எட்டு வருடம், மலையிலிருந்து இறங்கி வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். தங்களுக்குப் பிழையே இல்லாமல், உறவினர்களின் ரகசியத்தைக் காப்பதற்காக வருடக்கணக்கில் கையை நீட்டிய அந்த 83 பேரை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 2022 ஜூனில் முடிவு வந்தது. மருந்து நோயைத் தடுத்ததாகத் திட்டவட்டமாகச் சொல்ல முடியவில்லை.

நாத்தனார் அதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை. ‘எனக்குப் பலன் கிடைக்காவிட்டாலும் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்றுதான் போனேன்’ என்றார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். அக்கா மெதுவாக மொழிபெயர்த்தார்.

‘உங்கள் ஊரில் ரத்தம் எடுக்கிறீர்களே, அதில் என்ன தெரிந்தது என்று திரும்பப் போய்ச் சொல்வீர்களா?’

சொல்வதில்லை என்று சொன்னேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் ஒரு சீட்டு கொடுப்போம். மற்றதெல்லாம் குளிர்பெட்டியில் ஏறிப் போய்விடும். அவர் தலையாட்டினார், கோபப்படவில்லை.

ஏழாம் நாள் – திரும்பும் வழி

கிளம்பும் முன் அக்கா யாருமாலில் ஒரு கட்டி பனேலா வாங்கிக் கொடுத்தார். வாழைநார் வாசனை.

பேருந்தில் அந்தக் கேள்வி கூடவே வந்தது. இங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. இந்தக் குடும்பங்கள் கொடுத்த ரத்தமும் மூளையும் இல்லாமல் அல்சைமர் பற்றிய அறிவு இன்று இந்த இடத்துக்கு வந்திருக்காது. அவர்களுக்கோ இன்றைக்கும் நோயைத் தடுக்கும் மருந்து இல்லை, நாள் முழுக்கப் பார்த்துக்கொள்வது மனைவியும் மகளும்தான். அந்தக் கடன் அப்படியே நிற்கிறது. குழுவினர் அதைக் கடன் என்று உணர்கிறார்கள் என்பதை நான் பார்த்தேன். முடிவு கெட்டதாக வந்தபோதும் குடும்பங்களைக் கூட்டி நேரில் சொன்னார்கள், பராமரிப்பவர்களுக்குக் கூட்டம் நடத்துகிறார்கள், பால் விலை கேட்கிறார்கள்.

நாங்கள் முதல் சுற்றில் பார்த்த வீடுகளில் எத்தனை பேர் என் பெயரைக் கேட்டு, எப்போ திரும்ப வருவே கண்ணு என்று கேட்டார்கள்! வருவேன் பாட்டி என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன்.

பொகோட்டா விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. விமான நிலையத்தில் உட்கார்ந்து எங்கள் திட்டத் தலைவருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். இரண்டாம் சுற்று ஜனவரியில் தொடங்குகிறது. இரண்டு விஷயம் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு ஒன்றே முக்கால் மணி என்பதை இரண்டரை மணி ஆக்க வேண்டும். முதல் சுற்றில் அந்தக் கிராமத்தில் என்ன தெரிந்தது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து, எந்தக் கேள்வியும் கேட்பதற்கு முன்னால் அதை வாசித்துக் காட்ட வேண்டும். அந்தப் பக்கத்தை எழுத நான் தயார். முதல் இரண்டு பத்தியை இப்போதே எழுதிப் பார்த்து, கடிதத்தோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.